பம்பிங் குறைந்த இதயத்துக்குச் செவிலியர் பராமரிப்பு

இதயச் செயலிழப்பில் இதயம் நின்றுவிடுவதில்லை, துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்பு கேட்கிற அளவு ரத்தத்தைத் தள்ளித்தர அதற்குத் தெம்பில்லை, அல்லது தசை இறுகிப்போய் ரத்தத்தை உள்வாங்க முடியாமல் திணறுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் "ஹார்ட் வீக்கா இருக்காம்", "பம்பிங் கம்மியாம்" என்று பேசிக்கொள்வது இதைத்தான். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று எக்கோ பரிசோதனையில் பார்ப்பார்கள். 50-ம் அதற்கு மேலும் என்றால் தள்ளும் திறன் கெடவில்லை. 40-ம் அதற்குக் கீழும் என்றால் நன்றாகவே குறைந்திருக்கிறது. 41 முதல் 49 வரை இடைப்பட்ட நிலை. பம்பிங் 55 சதவீதம் இருந்தும் மூச்சு வாங்கிக் கால் வீங்கி வருகிறவர்கள் உண்டு. வயதான பெண்கள், நெடுநாள் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உடல்பருமனும் உள்ளவர்கள் இவர்களில் அதிகம். "பம்பிங் நார்மல்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர்களுடைய மூச்சிரைப்பை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மாரடைப்பில் செத்துப்போன தசைதான் இந்த நோய்க்கு முதல் காரணம். அடுத்து வருபவை கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மது, பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு வரும் இதயத்தசை நோய், சில புற்றுநோய் மருந்துகள். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்துவிட்டுப்போன வால்வு நம் நாட்டில் இன்னும் தீராத காரணம். 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. ஐந்தாண்டு முடிவில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உயிருடன் இல்லை. பல புற்றுநோய்களை விடவும் மோசமான கணக்கு இது. குடும்பத்தில் சம்பாதிக்கிறவரையே, ஓய்வுக்கு முன்பே, இந்த நோய் படுக்கையில் தள்ளிவிடுகிறது.

ரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம் உடம்பில் தண்ணீர் பற்றவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்று ஒன்றையொன்று தூண்டும் சங்கிலி வேலை செய்து உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. நாடி வேகமெடுக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ரத்தம் கொட்டிக் காயப்பட்டவனைக் காப்பாற்ற ஏற்பட்ட இந்த ஏற்பாடு, தளர்ந்த இதயத்துக்கு எதிராகத் திரும்புகிறது. இடப்பக்க இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு இரைக்கும், படுத்தால் இருமல் வரும். வலப்பக்கம் தளர்ந்தால் கணுக்கால் வீங்கும், ஈரல் பெருத்து வலது விலாவுக்குக் கீழே கனக்கும், வயிறு உப்பும், சாப்பாடு இறங்காது. பெரும்பாலானவர்களுக்கு நாளடைவில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இந்த நோயில் ஆஸ்பத்திரிக்கு வரும் நெருக்கடி பெரும்பாலும் ஒரே இரவில் உண்டாவதில்லை. மூச்சு முட்டி 108-ஐக் கூப்பிடுவதற்குப் பல நாள் முன்பே நீர் சேரத் தொடங்கியிருக்கும், எடை ஏறியிருக்கும், தலையணை ஒன்று கூடியிருக்கும். அந்தச் சிறு மாற்றங்களைப் பார்ப்பதும், அவற்றைப் பார்க்க நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்றுக்கொடுப்பதும்தான் செவிலியர் பணியின் நடுநாயகம். மாத்திரையை எழுதுவது டாக்டர். அது வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்பதை முதலில் காணுகிற இடத்தில் இருப்பவர் செவிலியர்.

மூச்சு முட்டி வருபவருக்கு முதல் அரைமணி

நுரையீரலில் நீர் நிரம்பி வருபவர் உட்கார்ந்தபடி, வியர்த்து, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு வருவார். ஒரு முழு வாக்கியம் பேச முடியாது. சிலருக்கு இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். அவரைப் பரிசோதிப்பதற்காக மல்லாக்கப் படுக்க வைக்கக்கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்தை நேராக உயர்த்தி, முடிந்தால் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வைக்க வேண்டும். கால்களில் ரத்தம் தங்கும். இதயத்துக்குத் திரும்பிவரும் சுமை அந்த அளவு குறையும். முன்னால் ஒரு மேசையைப் போட்டுக் கைகளை ஊன்றிச் சாயவிட்டால் மூச்சு இழுக்கும் தசைகளுக்கு உதவி. எந்த மருந்துக்கும் முன்னால், ஒரு காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சிகிச்சை இது.

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே காட்டினால் ஆக்சிஜன். அளவு சரியாக இருப்பவருக்கும் பழக்கதோஷத்தில் மாஸ்க் மாட்டுவதால் நன்மை இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டி, ஆக்சிஜன் கொடுத்தும் அளவு ஏறாவிட்டால், இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவி தேவைப்படும். அந்த மாஸ்க் பலரைப் பீதியடைய வைக்கிறது. முகத்தை யாரோ பொத்துவதுபோல் உணர்ந்து பிடுங்கி எறிவார்கள். முதல் சில நிமிடம் பட்டையைக் கட்டாமல் செவிலியர் கையால் பிடித்துக்கொண்டு, "மெதுவா இழுங்க ஐயா, மெஷினே தள்ளும், நீங்க அதோட போங்க" என்று கூடவே நின்றால் பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள். அந்தச் சில நிமிடத்தில் ஆள் நிற்காததால் வென்டிலேட்டர் வரை போக நேர்பவர்களும் உண்டு.

இதற்கிடையில் ஊசி போட வழி எடுத்து, இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, மானிட்டர் எல்லாம் நடக்கும். ஃபுரோஸமைடு ஊசி சாதாரண அளவென்றால் ஒன்றிரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். பெரிய அளவென்றால் நிமிடத்துக்கு 4 மி.கி.-ஐத் தாண்டாமல் டிரிப்பில் கொடுக்க வேண்டும். வேகமாக ஏற்றினால் காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவு வரை போகும். நைட்ரோகிளிசரின் சிரிஞ்ச் பம்பில் ஓடும்போது ரத்த அழுத்தத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதைத் தொடங்கும் முன் ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை ஏதும் எடுத்தாரா என்று கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். மனைவி மக்கள் சூழ நிற்கையில் இதற்குப் பதில் வராது. அவர்களைச் சற்று வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதே முறை.

ஊசி வேலை செய்கிறதா என்பதைச் சிறுநீர் சொல்லிவிடும். முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி. வரையாவது வரவேண்டும். வரவில்லை என்றால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தளவைக் கூட்டவேண்டிய நேரம் அது.

எங்கே பார்ப்பது, என்ன கேட்பது

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் பலரும் "இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். மூச்சு வாங்கும் வேலைகளை அவர்கள் ஏற்கெனவே விட்டிருப்பார்கள். மாடிப்படி ஏறுவதில்லை, குழாயடிக்குப் போவதில்லை, கோயிலுக்கு நடப்பதில்லை. ஆகவே கேள்வி வேறுமாதிரி இருக்கவேண்டும். ராத்திரி எத்தனை தலையணை? போன மாதம் எத்தனை? நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தது உண்டா? குனிந்து செருப்பு மாட்டும்போது, கோலம் போடும்போது திணறுகிறதா? குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டினால் இதயத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்ற அறிகுறி 2014-ல்தான் முறையாக விவரிக்கப்பட்டது. கோலம் போடும் பெண்களிடம் கேட்டால் அது எளிதில் வெளிப்படும்.

நோயின் கடுமையை அளக்க நியூயார்க் இதயச் சங்கம் 1928-ல் வகுத்த நான்கு படிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. வழக்கமான வேலைகளில் தொந்தரவே இல்லாதவர் முதல் படி. வழக்கமான வேலையில் மூச்சு வாங்கினால் இரண்டாம் படி, அதைவிடக் குறைந்த வேலையிலேயே வாங்கினால் மூன்றாம் படி. உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினால் நான்காம் படி. நேற்று இரண்டாம் படியில் இருந்தவர் இன்று மூன்றாம் படிக்கு வந்திருந்தால் அதை எழுதிவைக்க வேண்டும்.

வீக்கத்தைப் பார்க்கையில் எல்லோரும் கணுக்காலை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நடமாடுகிறவருக்கு அது சரி. நாலு நாளாகப் படுத்த படுக்கையாய் இருப்பவரின் நீர் காலில் நிற்காது; இடுப்புக்குக் கீழே முதுகின் அடியில் போய்த் தங்கும். "கால் வீக்கம் வடிஞ்சிருச்சு" என்று வீட்டார் சந்தோஷப்படும்போதே அது முதுகுப்பக்கம் இடம் மாறியிருக்கும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின் மேல் கட்டைவிரலைச் சில விநாடி அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். துணியின் மடிப்பு, போர்வையின் விளிம்பு பதிந்த தடம்கூட அங்கே தெரியும். வீங்கிய தோல் மெல்லியது, ரத்த ஓட்டம் குறைந்தது. படுக்கைப்புண் வரப்போவதும் அதே இடத்தில்தான். திருப்பிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கட்டிலை 45 பாகை உயர்த்திக் கழுத்துச் சிரையின் புடைப்பைப் பார்ப்பது, நுரையீரலின் அடிப்பகுதியில் பொரபொரவென்ற சத்தத்தைக் கேட்பது, கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது ஆகியவையும் ஒவ்வொரு டியூட்டியிலும் நடக்கவேண்டியவை. கைகால் குளிர்ந்து, சிறுநீர் குறைந்து, நாடித்துடிப்பு மெலிந்து, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார் என்றால் ரத்த ஓட்டமே குறைந்துவிட்டது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டால் நேரம் போய்விடும்.

எடையும் சார்ட்டும்

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இதயச் செயலிழப்பில் ஒரே நாளில் ஏறுகிற எடையும் இறங்குகிற எடையும் கொழுப்போ சதையோ அல்ல, நீர். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கு முன்னால், அதே எடைக்கருவியில், ஏறக்குறைய அதே அளவு உடுப்பில் பார்க்க வேண்டும். ஒருநாள் சால்வையோடும் மறுநாள் இல்லாமலும் நிறுத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சிறுநீர்ப் பை மாட்டியிருந்தால் காலிசெய்துவிட்டு நிறுக்க வேண்டும். வேலை செய்கிற எடைக்கருவி இல்லாத வார்டில் இதயச் செயலிழப்புக்குச் சரியான பராமரிப்பு நடக்க முடியாது. விலை அதிகமான கருவிகளுக்குக் கோரிக்கை எழுதும் முன் இதை எழுதி வாங்கிவிட வேண்டும்.

உள்ளே போனதும் வெளியே வந்ததும் எழுதும் சார்ட் பல இடங்களில் ஒப்புக்காக நிரப்பப்படுகிறது. டிரிப்ஸும் குடிநீரும் கணக்கில் வரும். வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்த கஞ்சி, ரசம், மோர், மாத்திரையோடு குடித்த தண்ணீர் எல்லாம் விட்டுப்போகும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் மகளிடமோ மருமகளிடமோ ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, எந்த டம்ளரில் எத்தனை மி.லி. பிடிக்கும் என்று ஒருமுறை அளந்து காட்டிவிட்டால் கணக்கு சரியாக வரும். "சிறுநீர் நல்லா போகணும்னு பார்லித் தண்ணி கொடுத்தோம்" என்று பிரியத்தோடு சொல்வார்கள். அதுவும் நீர்தான் என்பதை அவர்கள் மனம் நோகாமல் விளக்க வேண்டும்.

சார்ட் ஒன்றும் எடை வேறொன்றும் சொன்னால் எடையை நம்புவது பெரும்பாலும் பிழையாகாது. வியர்வையும் மூச்சில் போகும் ஈரமும் சார்ட்டில் ஏறுவதில்லை.

மருந்துகள்

பம்பிங் குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடிப்படை. அவை ஆயுளை நீட்டுகின்றன என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியானது. அவற்றோடு நீர் மாத்திரை. அது மூச்சையும் வீக்கத்தையும் தணிக்கும்.

நீர் மாத்திரையைக் காலையில் கொடுக்க வேண்டும். இரண்டாம் வேளை இருந்தால் மாலை 4 மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரவில் கொடுத்தால் தூக்கம் கெடும். இருட்டில் கழிவறைக்கு எழுந்துபோய் விழுந்து இடுப்பு ஒடிந்த முதியவர்கள் ஏராளம். பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின் அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் சதை பிடித்து இழுத்தல், சோர்வு, படபடப்பு ஆகியவை பொட்டாசியம் குறைந்ததைக் காட்டலாம். பஸ் பயணம், கல்யாணம் என்றால் பலரும் அன்றைக்கு நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வழியில் கழிவறை கிடைக்காது என்ற பயம் நியாயமானது, பெண்களுக்கு இன்னும் அதிகம். விடாதீர்கள் என்று அதட்டுவதைவிட, டாக்டரைக் கேட்டு, வீடு திரும்பிய பிறகு எடுத்துக்கொள்ளும்படி நேரத்தை மாற்றித் தருவது பலன் தரும்.

முதல் வகை ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை. அவற்றின் இடத்தில் இப்போது சாக்குபிட்ரிலும் வல்சார்டனும் சேர்ந்த மாத்திரை வருகிறது. 2014-ல் வெளியான பெரிய ஆய்வு அது எனலாப்ரிலைவிட மேலானது என்று காட்டியது. ஆனால் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. பழையதை நிறுத்திய 36 மணி நேரத்துக்குப் பிறகே புதியதைத் தொடங்க வேண்டும். டப்பாவில் மீந்திருக்கும் பழைய அட்டையை "வீணாப் போகுதே" என்று சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, முன்னால் கொட்டி, வேண்டாததை எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வேலைக்குக் கால்மணி நேரம் ஒதுக்குவது எந்த வார்டிலும் வீணல்ல.

இரண்டாவது, பைசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால் சக்சினேட். நாடியைத் தணிப்பவை. முதல் சில வாரம் சோர்வு தெரியும். அதற்காகத் தாமாக நிறுத்தினால் நோய் திடீரென்று மோசமாகும். மூன்றாவது ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளிரினோன். இவை பொட்டாசியத்தை ஏற்றும். அளவு 5.5-ஐத் தாண்டினால் மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் முடிவு. அந்த ரிசல்ட்டைக் கண்டவுடன் போன் செய்வது செவிலியர் கடமை. ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும் சில ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் வந்து சொல்வார்கள், மாற்று மருந்து இருக்கிறது.

நான்காவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரை நோய்க்காக வந்தவை. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயச் செயலிழப்பில் நன்மை தருகின்றன என்று 2019 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. "எனக்குச் சுகரே இல்லையே சிஸ்டர், எதுக்கு சுகர் மாத்திரை? கடைக்காரர் கேக்குறார்" என்று வருபவருக்குப் பதில் தயாராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த மாத்திரை அன்றோடு நின்றுவிடும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வராமல் சுத்தமாக வைத்துக்கொள்ளவும், வாந்தி பேதியால் சாப்பிட முடியாத நாட்களில் மாத்திரையை நிறுத்திவைத்து உடனே கேட்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டிஜாக்சின் இப்போது குறைந்துவிட்டது, ஒழிந்துவிடவில்லை. கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் பூத்தாற்போல் தெரிவது நச்சு ஏறியதன் அடையாளங்கள். பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

எழுதிக்கொடுத்த மருந்துக்கு இணையாக, எழுதிக்கொடுக்காத மருந்தையும் விசாரிக்க வேண்டும். முட்டிவலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்து, நன்றாக இருந்தவரை ஒரு வாரத்தில் மீண்டும் வார்டுக்குக் கொண்டுவந்துவிடும். சர்க்கரைக்கான பயோகிளிட்டசோனும் நீரைத் தேக்கும். வாயுவுக்காகக் கரைத்துக் குடிக்கும் பொங்கும் பொடிகளில் சோடியம் நிறைய.

உப்பும் தண்ணீரும்

உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் பரிந்துரைப்பது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஏறக்குறைய ஒரு தலைதட்டிய டீஸ்பூன். அதைவிடவும் கடுமையாகக் குறைத்தால் நன்மை கூடுமா என்று ஆறு நாடுகளில் 806 பேரிடம் பார்த்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. நாளுக்கு 1,500 மி.கி. சோடியத்துக்குக் கீழே கொண்டுபோக முயன்றதில் இறப்போ ஆஸ்பத்திரி வருகையோ குறையவில்லை. அன்றாட உடல்நலம் மட்டும் ஓரளவு மேம்பட்டது. தண்ணீர்க் கட்டுப்பாட்டிலும் இதே கதை. நெதர்லாந்தில் நிலைமை சீராக உள்ள 504 பேரிடம் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. நாளுக்கு 1,500 மி.லி. என்று கட்டுப்படுத்தியவர்களுக்கும் தாராளமாகக் குடித்தவர்களுக்கும் உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கட்டுப்படுத்தியவர்கள் தாகத்தால் அதிகம் அவதிப்பட்டார்கள்.

இதனால் இஷ்டப்படி இருக்கலாம் என்றாகாது. உடம்பில் நீர் கோத்திருப்பவர், ரத்தத்தில் சோடியம் குறைந்தவர், படுக்கையில் சேர்க்கப்பட்டவர் ஆகியோருக்கு டாக்டர் சொல்லும் அளவு அளவுதான். ஆனால் வீட்டில் சீராக இருப்பவரைச் சித்திரை வெயிலில் ஒரு லிட்டரோடு நிறுத்தி, நாக்கு உலர உட்கார வைக்கும் கொடுமைக்கு ஆதாரம் இல்லை. வெயிலில் வியர்த்து, அதோடு நீர் மாத்திரையும் எடுப்பவருக்கு உடம்பு வறண்டு, எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவதும் நடக்கும். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

உப்பில் முதலில் நிறுத்தவேண்டியவை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், வற்றல், பாக்கெட் மிக்சர், பேக்கரிப் பண்டங்கள். சமையலில் உப்பைப் படிப்படியாகக் குறைத்து எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை கொண்டு ருசியை நிரப்பலாம். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். பழைய சோற்றுக்கு ஊறுகாய் கூடாது, சின்ன வெங்காயம் போதும். கடையில் "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோனும் ராமிப்ரிலும் எடுப்பவருக்கு அது ஆபத்து. இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் இதே காரணத்தால் கேட்டுவிட்டுத்தான்.

ஓய்வும் நடையும்

மூச்சு முட்டும் நாட்களில் ஓய்வு வேண்டும். கட்டிலோரக் கழிப்பு நாற்காலி பெட்பேனைவிட இதயத்துக்கு இலேசான வேலை. முக்காமல் மலம் கழிய நார்ச்சத்தும் தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். குளியல், சாப்பாடு, பிசியோதெரபி எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் அடுக்காமல் இடைவெளி விட்டுச் செய்தால் தாங்குவார். மூன்று பெரிய வேளைகளுக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளைகள்.

மூச்சு சீரானதும் படுக்கையிலேயே வைத்திருப்பது தவறு. "ஹார்ட் வீக்கா இருக்கு, அசையக்கூடாது" என்று பாசத்தில் கட்டிலோடு கட்டிப்போடும் குடும்பங்களே அதிகம். 2,331 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு, சீராக உள்ளவர்களுக்கு மேற்பார்வையோடு தொடங்கும் உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று காட்டியது. வார்டு வராந்தாவில் இரண்டு நிமிட நடையில் தொடங்கலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும்; நெஞ்சுவலி, தலைசுற்றல், கூடுதல் மூச்சிரைப்பு வந்தால் நிறுத்த வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து "எல்லாம் இதுல இருக்கு" என்று அனுப்புவது கல்வியாகாது. ஆங்கிலத்தில் அச்சான அந்தத் தாளைப் பலர் படிப்பதே இல்லை. சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்பதுதான் வழி.

"ஐயா, இன்னிக்கு 62 கிலோ இருக்கீங்க. வீட்டுக்குப் போய் மூணு நாள்ல எவ்வளவு ஏறினா எங்களுக்குப் போன் பண்ணுவீங்க?"

"ரெண்டு கிலோ ஏறினா, சிஸ்டர்."

"மூச்சு நல்லா இருக்கு, கால்லயும் வீக்கம் இல்லை. எடை மட்டும் ஏறியிருக்கு. அப்போ?"

"அப்போ... ஒண்ணும் இல்லைன்னு விட்டுரலாமா?"

"விடக்கூடாதுங்க ஐயா. வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே எடை ஏறிடும். அதுக்குத்தான் காலண்டர்ல தினமும் எழுதச் சொல்றோம்."

அந்த இரண்டாவது பதில்தான் அவருக்கு இன்னும் புரியாத இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கேட்காமல் விட்டிருந்தால் தெரிந்திருக்காது. மாத்திரை எடுத்துக்கொடுப்பவர், சமைப்பவர் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்தப் பேச்சு நடக்கவேண்டும். தலையணை கூடுவது, இரவு இருமல், வழக்கமான தூரத்தில் மூச்சு வாங்குவது, செருப்பு இறுக்குவது ஆகியவையும் போன் செய்யவேண்டிய காரணங்கள். உட்கார்ந்திருக்கையில் மூச்சு முட்டுதல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் போனுக்குக் காத்திருக்காமல் 108. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் அப்போதே நினைவுபடுத்த வேண்டும். சாதாரண நெஞ்சுச் சளியே இவர்களைப் புரட்டிப்போடும்.

இந்த வேலையின் மதிப்பு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 282 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1995-ல் வெளியான ஆய்வில், செவிலியர் முன்னின்று நடத்திய கல்வி, உணவு ஆலோசனை, வீட்டுத் தொடர்பு ஆகியவை கிடைத்தவர்கள் 90 நாளில் இதயச் செயலிழப்புக்காகத் திரும்ப வந்தது 24 முறை. கிடைக்காதவர்கள் 54 முறை. ஸ்வீடனில் செவிலியர்களே நடத்திய இதயச் செயலிழப்பு கிளினிக்கைப் பற்றி 2003-ல் வந்த ஆய்வில் 106 பேர் இருந்தார்கள். ஓராண்டில் கிளினிக்குக்கு வந்தவர்களில் 7 பேரும் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 20 பேரும் இறந்தார்கள். ஒரு புது மருந்து இந்தப் பலனைக் காட்டியிருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வு, டிஸ்சார்ஜ் ஆன இரண்டு வாரத்துக்குள் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றி அடிக்கடி பார்த்தவர்களில் 180 நாளுக்குள் இறந்தவர்களும் திரும்பச் சேர்க்கப்பட்டவர்களும் 15.2 சதவீதம், மற்றவர்களில் 23.3 சதவீதம் என்று கண்டது. முதல் மறுபரிசோதனையை "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று எழுதுவதை விட்டு, ஒரு வாரத்தில் வரச்சொல்லித் தேதியையும் குறித்துக்கொடுக்க வேண்டும்.

மனமும் கடைசிக் காலமும்

இந்த நோயாளிகளிடம் மனச்சோர்வு மிக அதிகம். வேலைக்குப் போக முடியாத ஆண் "தண்டச்சோறு ஆயிட்டேன்" என்பார். சமையற்கட்டை மருமகளிடம் விட்ட பெண் பேசவே மாட்டார். பசியில்லை, தூக்கமில்லை என்பவற்றை இதயத்தின் கணக்கிலேயே எழுதிவிடாமல் மனநிலையைத் தனியாகக் கேட்டு, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பார்த்துக்கொள்பவரின் களைப்பும் செவிலியர் கண்ணில் படவேண்டியதே. நாலு ராத்திரி தூங்காத மனைவி மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடுவது அலட்சியத்தால் அல்ல.

அடிக்கடி சேர்க்கப்பட்டு, மருந்துகளைத் தாங்க ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் இடம் தராத கட்டத்தில், வலிதணிப்புப் பராமரிப்பைத் தொடங்குவது கைவிடுதல் ஆகாது. அதை இதய மருந்துகளோடு சேர்த்தே தொடங்கலாம். மூச்சுத் திணறலுக்குச் சிறு அளவு மார்ஃபின் உதவும் கட்டம் உண்டு. முகத்தில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால்கூட மூச்சுத் தவிப்பு தணியும். வாய் வறண்டால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். நெஞ்சில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பொருத்தப்பட்டவரானால், கடைசி நாட்களில் அந்த அதிர்ச்சியை நிறுத்திவைப்பதைப் பற்றி அவர் தெளிவாக இருக்கும்போதே டாக்டரோடு பேச ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லையேல் இறக்கும் தறுவாயிலும் அது அடித்துக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு வலிதணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வரும் ஏற்பாடு இருக்கிறது. படுக்கையில் விழுந்த இதய நோயாளி உள்ள குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெறலாம்; டிஸ்சார்ஜ் நாளிலேயே அவர்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகும்படி வார்டிலிருந்தே ஏற்பாடு செய்துவிடலாம்.